பாங்காக்கிலிருந்து ஒரு நாள்: சாச்சோங்சாவுக்குச் சுற்றுலா ரயிலா, 13 பாட் ரயிலா?

வேளச்சேரி வாசு
வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அப்பா, அம்மாவோடு பாங்காக் வருகிறேன். ஒரு சனிக்கிழமை முழுதாகக் கையில் இருக்கிறது. தாய்லாந்து ரயில்வே பழைய ஜப்பான் ரயில் ஒன்றைச் சுற்றுலாவுக்கு விடுகிறதாம். காலையில் கிளம்பி சாச்சோங்சாவ் போய், கோயில்களும் ஆற்றங்கரைச் சந்தையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்கிறார்கள். ஆளுக்கு ஆயிரம் பாட்டுக்கு மேல் ஆகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார். சுற்றுலா ரயிலில் பதிவு செய்வதா, நாங்களே போய்க்கொள்வதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாங்காக் பாலா
வாசு, முதலில் ஒரு விஷயம். அந்த ஜப்பான் ரயில் எல்லாச் சனிக்கிழமையும் ஓடுவதில்லை. சில வார இறுதிகளில் மட்டும் விடுவார்கள், ஊரும் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வரும் நாளில் சாச்சோங்சாவுக்கு இருக்கிறதா என்று ரயில்வேயின் டி-டிக்கெட் முன்பதிவுத் தளத்தில் பாருங்கள். 1690 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இருந்தாலும் யோசித்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பயணத்தில் எல்லாம் மணி பார்த்துத்தான் நடக்கும். நிலையத்தில் இறங்கியதும் பேருந்து, கோயிலில் கொஞ்ச நேரம், சந்தையில் கொஞ்ச நேரம், மறுபடி பேருந்து. அழைத்துப் போகிறவர்கள் நன்றாகவே கவனிக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றைப் பார்த்து ஒரு காபி குடிக்க உட்கார்ந்தால், பாதி டம்ளரில் கொடி தூக்கிவிடுவார்கள்.

சாதாரண ரயிலில் பாங்காக்கின் பழைய நிலையமான ஹுவா லம்போங்கிலிருந்து சாச்சோங்சாவ் 61 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்புக் கட்டணம் 13 பாட். நீங்கள் படித்தது சரிதான், பதின்மூன்று. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். மின்விசிறி, திறந்த ஜன்னல், இருக்கை எண் கிடையாது. மக்கசான் வரை வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போகும். தலைக்கு மேலே வெகுதூரத்துக்கு விமான நிலைய ரயில் பாலம் கூடவே வரும். லாட் கிரபாங் தாண்டினால் வயலும் கால்வாயும் மீன் குட்டையும்தான். எனக்கு அந்தப் பயணமே போதும், கோயில் அப்புறம்தான்.

மீட்டர்கேஜ் மைந்தன்
பாலா தம்பி ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ரயிலைச் சும்மா 'பழைய ஜப்பான் ரயில்' என்று தள்ளிவிட முடியாது. கிஹா 183 வகை டீசல் வண்டி அது, ஹொக்கைடோவின் பனியில் ஓடியது. அங்கே ஓய்வு கொடுத்த பெட்டிகளில் 17 தாய்லாந்துக்கு வந்தன. 2021 இறுதியில் கப்பலில் லேம் சபாங் துறைமுகத்தில் இறங்கின.

ஒரு சிக்கல் என்னவென்றால், ஜப்பானில் தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர், தாய்லாந்தில் 1,000. அதாவது நம் பழைய மீட்டர் கேஜ். அதனால் சக்கரங்களின் இடைவெளியைக் குறைத்து, பெட்டிகளைப் புதுப்பித்து, 2022இல்தான் பயணிகளை ஏற்றினார்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் 2004 வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது. அதில் போய் வந்தவர்களுக்கு அந்த அகலத்தைப் பார்த்தாலே பழைய ஞாபகம் வந்துவிடும். தாய்லாந்தில் இன்றைக்கும் நாடு முழுக்க அதில்தான் ஓட்டம்.

வாசு, அப்பாவுக்கு ரயில் மீது ஆசை உண்டா? உண்டென்றால் ஆயிரம் பாட் பெரிய காசில்லை. நீராவி வண்டி பார்க்க வேண்டுமானால் மார்ச் 26, ஜூலை 28, ஆகஸ்ட் 12, அக்டோபர் 23, டிசம்பர் 5 போன்ற விசேஷ நாட்களை ஒட்டி வர வேண்டும். பசிபிக் 824, 850 என்று இரண்டு ஜப்பானிய எஞ்சின்களைக் கிளப்புவார்கள். சில தடவை அயுத்தயா, சில தடவை நக்கோன் பாத்தோம், சில தடவை சாச்சோங்சாவ். மார்ச் 26இல் ஏன் என்றால், 1897இல் பாங்காக்–அயுத்தயா பாதை திறந்தது அன்றுதான்.

நல்லதம்பி
ஒரு சந்தேகம். மீனாட்சி அம்மன் கோயிலும் ஸ்ரீரங்கமும் பார்த்து வளர்ந்த பெற்றோரை, பாங்காக்கிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுபோய் எதைக் காட்டப் போகிறீர்கள்? புதிதாகக் கட்டிய பளிங்குக் கட்டடத்தையா? அதற்கு ஓட்டல் அறையிலேயே ஏசி போட்டுத் தூங்கலாமே.

பாங்காக் பாலா
நல்லதம்பி, கட்டடம் புதிதுதான், மறைக்க ஒன்றுமில்லை. பழைய மண்டபத்தை எடுத்துவிட்டு எழுப்பியது. ஆனால் சாச்சோங்சாவின் பெரிய கோயிலான வாட் சோத்தோனுக்கு வருகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்க வருவதில்லை, லுவாங் போ சோத்தோனைப் பார்க்க வருகிறார்கள். பாங் பகோங் ஆற்றில் மிதந்து வந்து இந்த ஊரில் கரையேறிய புத்தர் சிலை என்பது தலபுராணம். மூலச்சிலைக்குத் தங்க ரேக்கு ஒட்ட விடமாட்டார்கள். ஒட்டுவதற்கென்றே தனி மண்டபத்தில் பிரதி வைத்திருக்கிறார்கள். வார இறுதியில் அந்த மண்டபத்தில் தோள் உரசாமல் நகர முடியாது.

நேர்த்திக்கடன்தான் எனக்குப் பிடித்தது. அவித்த முட்டை! வேண்டுதல் பலித்தால் நூற்றுக்கணக்கில் முட்டை படைக்கிறார்கள். லாட்டரிக்காக வேண்டியவர் ஒரு பக்கம், பிள்ளை வேண்டியவர் ஒரு பக்கம், தட்டு தட்டாக அடுக்கியிருப்பார்கள். இன்னொன்று நாட்டியம். கோயிலிலேயே நடனக் குழு காத்திருக்கும். காசு கட்டினால் உங்கள் பெயரில் ஒரு சுற்று ஆடுவார்கள். காசு எத்தனை பேர் ஆட வேண்டும் என்பதைப் பொறுத்தது. மொட்டை, காவடி, அலகு என்று வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. பழனிக்குப் போய் வந்தவர் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

நெறியாளர்
கோயில்களை ஒப்பிட்டுச் சண்டை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். தொடருங்கள்.

செராங்கூன் சித்ரா
வாசு, அம்மாவின் சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் வருகிறேன். நானும் சைவம். சிங்கப்பூரிலிருந்து பாங்காக் போகும்போதெல்லாம் இதே பாடுதான்.

மஞ்சள் கொடியில் சிவப்பாகத் தாய்லாந்து எழுத்து போட்டிருக்கும் கடைகளைத் தேடுங்கள். அது 'ஜே' சாப்பாடு. மீன் சாறு, முட்டை, பால் எதுவும் இருக்காது. வெங்காயம், பூண்டும் கிடையாது, அம்மாவுக்குச் சரிப்படும். வேறு கடையில் வெறுமனே சைவம் என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாற்றை ஊற்றிக் கொடுப்பார்கள். 'கின் ஜே' என்று சொன்னால் கடைக்காரர் முகத்திலேயே தெரிந்துவிடும், இருக்கிறதா இல்லையா என்று.

ஆற்றங்கரைச் சந்தை என்றால் தலாட் பான் மாய், 'நூறு வருடச் சந்தை' என்பார்கள். சீன வணிகர்களின் பழைய மரக்கடைகள், சனி ஞாயிறுதான் களைகட்டும். அங்கே சைவச் சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பலகாரம் கிடைக்கும். கனோம் சாக் என்று ஒன்று: ஒட்டரிசி மாவும் தேங்காயும் கருப்பட்டி மாதிரியான பனைவெல்லமும் சேர்த்து, நீப்பா ஓலையில் மடித்துத் தணலில் சுடுவார்கள். எங்கள் அம்மா அதை ஓலைக்கொழுக்கட்டை என்றே பெயர் வைத்து வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். மாம்பழப் பருவமென்றால் கவலையே இல்லை, அந்த மாவட்டமே மாம்பழத்துக்குப் பேர்போனது. மதியத்துக்குத் தயிர்சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொள்ளுங்கள். 13 பாட் ரயிலில் டப்பாவைத் திறந்தால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

கிள்ளான் கதிர்
எல்லாரும் சாச்சோங்சாவையே பிடித்துக்கொண்டால் எப்படி? கோயில், ஆற்றங்கரை, ரயில் மூன்றும் வேண்டுமென்றால் மே குளோங் பக்கம் போங்கள். பாங்காக்கின் வோங்வியான் யாய் நிலையத்திலிருந்து மகாச்சாய் வரை ஒரு ரயில். அங்கே இறங்கிப் படகில் தா சீன் ஆற்றைக் கடந்து, மறுகரையில் பான் லேம் நிலையத்தில் அடுத்த ரயில். அது மே குளோங் சந்தைக்குள்ளேயே நுழையும். தண்டவாளத்தின் மேல் காய்கறி, மீன் கூடைகள். வண்டி வரும்போது கடைக்காரர்கள் கூரைத்துணியை மடக்கி, போனதும் விரித்துவிடுவார்கள். 1905இல் போட்ட பாதை, இன்றுவரை நடுவில் பாலம் போட்டு இணைக்கவில்லை.

பாலா சொன்ன தலபுராணத்தில் பாதி இங்கே இருக்கிறது. ஆற்றில் மிதந்து வந்தது ஒரு சிலை இல்லை, உடன்பிறப்புகளாகச் சில சிலைகள். அதில் ஒன்று லுவாங் போ பான் லேம். மே குளோங் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வாட் பெட் சமுட் கோயிலில் இருக்கிறது. இன்னொன்று பாங் பிளியில். தம்பியைப் பார்த்துவிட்டு அண்ணனை விட்டால் எப்படி?

செராங்கூன் சித்ரா
கதிர் அண்ணா, மே குளோங் எனக்கும் பிடிக்கும். ஆனால் முழங்கால் வலியுள்ளவரை இரண்டு ரயில், ஒரு படகு என்று ஏற்றி இறக்கச் சொல்கிறீர்களே! அந்தச் சந்தையில் ரயில் வரும் நேரத்துக்குக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும், நகர இடமிருக்காது. கூடை கூடையாகக் கழுத்து மடக்கிய கானாங்கெளுத்தி வேறு. வாசுவின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே வர வேண்டியதுதான்.

கிள்ளான் கதிர்
சரி, முழங்காலுக்காக விட்டுக்கொடுக்கிறேன், மீனுக்காக அல்ல :)

வார இறுதியில் 'நாம்தோக்' என்ற ஊருக்குப் போகும் சுற்றுலா ரயிலும் உண்டு. காலை ஆறரைக்குக் கிளம்பி, வழியில் நக்கோன் பாத்தோமில் நிறுத்தி அந்தப் பெரிய ஸ்தூபியைப் பார்க்க விடுவார்கள். பிறகு குவாய் ஆற்றுப் பாலம். எங்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோய், 1942–43இல் 415 கிலோமீட்டருக்குப் பாதை போட வைத்துச் சாகடித்த இடம் அது. நான் போனது தாத்தாவுக்காக. சந்தை, பலகாரம் என்று வாசு திட்டமிடும் நாளில் அதைச் செருகச் சொல்ல மாட்டேன். அதற்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள்.

வேளச்சேரி வாசு
கதிர் அண்ணா, அதைக் குறித்துக்கொண்டேன். தனியாகப் போகிறேன்.

எல்லாருக்கும் நன்றி. இப்போது குழப்பம் கூடிவிட்டது :) அப்பாவிடம் ரயில் ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். "ஜன்னல் திறக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளையார் கோயில் ஒன்றும் அங்கே இருக்கிறதாமே, படுத்த பிள்ளையார் என்று அம்மா யூடியூபில் பார்த்திருக்கிறார். அதையும் அதே நாளில் சேர்க்க முடியுமா?

பாங்காக் பாலா
அப்பா கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஜப்பான் வண்டி ஏசி, ஜன்னல் திறக்காது. 13 பாட் வண்டியில் ஜன்னலைக் கீழே இறக்கிவிட்டு முழங்கையை வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளையார் பற்றி. அந்த மாவட்டத்தில் பெரிய பிள்ளையார் மூன்று. அம்மா பார்த்தது வாட் சமான் ரத்தனாராமில் ஆற்றோரம் சாய்ந்து படுத்திருக்கும் இளஞ்சிவப்புப் பிள்ளையார், 16 மீட்டர் உயரம், 22 மீட்டர் நீளம். பாங் நாம் பிரியாவ் பக்கம் உட்கார்ந்த பிள்ளையார் 49 மீட்டர். குளோங் குவானில் வெண்கலத்தில் நின்ற கோலம், 39 மீட்டர். இந்த மூன்றாவதை நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்பேன். நான்கு கைகளில் என்ன தெரியுமா? பலா, கரும்பு, வாழை, மா. முக்கனியும் கரும்பும்! மாவட்டத்தின் விளைச்சல் செழிக்க வேண்டும் என்று கொடுத்தவை. நம் ஊர்ச் சிற்பியைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் கொடுத்திருப்பார்.

வாட் சமான் பௌத்தக் கோயில்தான், ஆனால் கூட்டமெல்லாம் பிள்ளையாருக்கு. கிழமைக்கு ஒரு நிறத்தில் மூஞ்சூறு வைத்திருக்கிறார்கள். நீங்கள் பிறந்த கிழமையின் மூஞ்சூறைத் தேடி, அதன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். பொத்தாவிட்டால் சொன்னது அந்தப் பக்கமாக வெளியே போய்விடுமாம். நந்தி காதில் சொல்லிப் பழகிய அம்மாவுக்குப் பயிற்சி தேவைப்படாது.

ஆனால் மூன்றும் ஊரைவிட்டுத் தள்ளி, ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் நாள் முழுக்கக் காரில்தான் இருப்பீர்கள். ரயிலில் போவதற்கே அர்த்தமில்லாமல் போகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அம்மா கேட்ட வாட் சமான் போதும்.

மீட்டர்கேஜ் மைந்தன்
ஜன்னல் கேட்கும் மனிதரை ஏசி பெட்டியில் அடைக்க நான் சொல்ல மாட்டேன். என் வாக்கையும் 13 பாட்டுக்கே மாற்றிக்கொள்கிறேன்.

முழங்காலுக்கு ஒரு யோசனை. அங்கே நடைமேடைகள் தாழ்வு, பெட்டிப் படி உயரம். அசோக், மக்கசான் போன்ற இடங்களில் ஏறினால் மெட்ரோவிலிருந்து வர வசதிதான், ஆனால் வண்டி அங்கே நின்றதும் கிளம்பிவிடும். ஹுவா லம்போங்கிலேயே ஏறுங்கள். புறப்படும் இடம், வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும், அப்பா நிதானமாக ஏறலாம். ஓர் ஆள் மேலே நின்று கை கொடுங்கள், ஓர் ஆள் கீழே. கொஞ்சம் முன்னதாகப் போனால் அந்தக் கட்டடத்தையும் பார்க்கலாம். 1916இல் திறந்தது, வளைந்த கூரையின் கீழே நின்றால் எழும்பூரும் சென்ட்ரலும் ஞாபகம் வரும். நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவற்றை 2023 ஜனவரியில் புதிய நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிழக்குப் பாதை வண்டிகள் இன்னும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அது மாறும் முன் பார்ப்பது நல்லது.

நல்லதம்பி
முக்கனிப் பிள்ளையாருக்காக நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் 'நூறு வருடச் சந்தை' மட்டும் நம்பும்படியாக இல்லை. தாய்லாந்தில் எந்தச் சந்தைக்குப் போனாலும் நூறு வருடம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.

செராங்கூன் சித்ரா
பலகை சுற்றுலாவுக்கு மாட்டியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பான் மாயில் கடைகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று கவனியுங்கள். ஆற்றைப் பார்த்து. சாலை வரும் முன்பு வாடிக்கையாளர் படகில் வந்ததால் முன்வாசல் தண்ணீர்ப் பக்கம். சாலை வந்தபின் ஆள் வரத்துக் குறைந்து சந்தையே வாடிப்போனது, பிறகு சுற்றுலாவால் உயிர் பிடித்தது. காரில் போகிறவர் பின்வாசல் வழியாகத்தான் நுழைகிறார்.

அதனால்தான் சொல்கிறேன் வாசு, வாட் சோத்தோன் துறையிலிருந்து வார இறுதியில் படகு விடுவார்கள். பான் மாய்க்கு அதில் போங்கள். பாங் பகோங் அகலமான ஆறு, கரை நெடுக நீப்பா புதர், மரவீடுகள், நடுவே ஒரு கோயில் கூரை. சுற்றுலாப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி கிடைக்காது. என்னைக் கேட்டால் அந்த ஊரில் பார்க்க வேண்டியதே ஆறுதான். அப்பா ஏறும்போது மட்டும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். கடல் ஏற்றவற்றம் இதுவரை வருவதால் துறைக்கும் படகுக்கும் இடைவெளி நேரத்துக்கு நேரம் மாறும். இறக்கத்தில் அப்பாவுக்குச் சிரமமாகத் தெரிந்தால் யோசிக்காமல் சோங்தேவ் (பலர் சேர்ந்து போகும் வாடகை வண்டி) பிடித்துவிடுங்கள்.

பாங்காக் பாலா
சித்ரா அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சந்தைக்குப் பக்கத்தில் வாட் சீன் பிரசாசமோசோன் என்ற சீனக் கோயில் இருக்கிறது, லெங் ஹொக் யீ என்று கேட்டால் காட்டுவார்கள். பாங்காக் சைனாடவுனில் இருக்கும் பெரிய சீனக் கோயிலின் கிளை. உள்ளே மூன்று பெரிய புத்தர்களும் காகிதக் கூழில் செய்தவை. இந்த ஊருக்கு ரயில் வந்தது 1908இல். சீனர் கடைகள், ஆலைகள், ஆறு, ரயில் எல்லாம் ஒன்று சேர்ந்து இந்த ஊரை வளர்த்த காலம் அது. சுற்றுலா ரயில்காரர்கள் பல நேரம் இந்தக் கோயிலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கூட்டம் குறைவு, நிழல் அதிகம், அப்பா உட்கார இடமும் உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் போவேன்: சீக்கிரக் காலை ரயில். நிலையத்திலிருந்து சோங்தேவில் வாட் சோத்தோன், வெயில் ஏறுமுன். படகில் பான் மாய். கட்டுச்சோறு. சீனக் கோயில். அப்பா களைத்துவிட்டால் அங்கிருந்தே நிலையம். தெம்பாக இருந்தால் ஒரு காரை ஏற்பாடு செய்து வாட் சமான் போய்வரலாம். திரும்புவதற்கான கடைசி வண்டியின் நேரத்தை இறங்கியவுடன் நிலையத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் வண்டிகள் குறைவு. தவறினால் பாங்காக்குக்கு வேன் உண்டு, பயம் வேண்டாம்.

கிள்ளான் கதிர்
உடை பற்றி யாரும் சொல்லவில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், வாசு நீங்கள் அரைக்கால் சட்டை போடாதீர்கள். அப்பா வேட்டி கட்டினால் ராஜ மரியாதை கிடைக்கும், நம்புங்கள்.

வேளச்சேரி வாசு
முடிவு செய்துவிட்டேன். 13 பாட் ரயில், ஹுவா லம்போங்கில் ஏறுகிறோம். தண்ணீர் மட்டம் சரியாக இருந்தால் படகு. அம்மாவுக்கு வாட் சமான் உறுதி, மூஞ்சூறு காது விஷயத்தைப் படித்ததிலிருந்து தான் பிறந்த கிழமை என்னவென்று பஞ்சாங்கம் தேடிக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி, அம்மா கேட்கச் சொன்னது. முட்டை படைக்காமல் வாட் சோத்தோனில் வேறு என்ன வைத்துக் கும்பிடலாம்? அப்புறம் அவ்வளவு முட்டையையும் என்ன செய்கிறார்கள்?

பாங்காக் பாலா
பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தி, தங்க ரேக்கு எல்லாம் ஒரே தட்டாகக் கோயிலிலேயே விற்கிறார்கள். அது போதும், முட்டை கட்டாயமில்லை. படைத்த முட்டையைக் கும்பிட்டு முடித்ததும் அவரவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பங்கு போகும். மாலை ரயிலில் எதிர் இருக்கைக்காரர் உரித்து நீட்டினால், அம்மாவைச் சிரித்துக்கொண்டே கைகூப்பி வேண்டாம் என்று தலையாட்டச் சொல்லுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்பா சாப்பிடுவார் என்றால் வாங்கிக்கொள்ளட்டும்.

வேளச்சேரி வாசு
அப்பா சாப்பிடுவார். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.